சீனன்குடாவும் ஒரு மறந்த மரணமும்

திருகோணமலையைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் மூன்று பொருள்களுள் ஒன்றையே தேர்ந்துகொள்வர். ஒன்று, பாடல் பெற்ற தலமாகிய கோணேசர் கோயில். மற்றொன்று, ஐரோப்பியர் ஒருவர் கையிலிருந்து ஒருவர் பறித்துக்கொண்ட இயற்கைத் துறைமுகம். மூன்றாவது, 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் திகதி யப்பானியர் வீசிய குண்டு. இம்மூன்றுக்கும் நூல்கள் உண்டு, கட்டுரைகள் உண்டு, பாட்டிமார் சொல்லிவந்த கதைகளும் உண்டு. நான்காவதாக ஒரு நிகழ்ச்சியும் இந்த மண்ணில் நடந்திருக்கிறது. ஆனால் அதைப் பற்றி என் ஊரவர் பேசக் கேட்டதில்லை; பள்ளிக்கூடப் புத்தகத்திலும் கண்டதில்லை.

1944ஆம் ஆண்டு ஓகஸ்ட் 10ஆம் திகதி பிற்பகல், சீனன்குடா விமானத் தளத்திலிருந்து 54 பெரும் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்து தென்கிழக்கே பறந்தன. அவை கடல் கடந்து சுமாத்திரா சென்று திரும்ப வேண்டிய தூரம் ஏறக்குறைய 3,855 மைல். இடையில் எங்கும் இறங்காமல் ஒரே மூச்சிற் செய்த போர்ப் பயணங்களுள், இரண்டாவது மகா யுத்தத்திலே இதுவே மிக நீண்டது என்று சரித்திரகாரர் எழுதுவர். எதிரி அவற்றுள் ஒன்றையேனும் சுட்டு வீழ்த்தவில்லை. ஆயினும் ஒரு விமானம் தளத்துக்குத் திரும்பவில்லை. ஒரு மனிதன் மாண்டான். அந்த ஒரு மரணத்தை முன்வைத்துச் சில செய்திகளைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எரிந்த தாங்கியின் கதை

முதலில், ஊர் மறவாத விபத்தொன்றை நினைவுகூர்வோம். 1942 ஏப்பிரல் 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பைத் தாக்கிய அட்மிரல் நகுமோவின் கப்பற்படை, நான்கு நாள் கழித்துத் திருகோணமலையின் மேல் தன் விமானங்களை ஏவியது. துறைமுகமும் சீனன்குடா விமானத் தளமும் தாக்குண்டன. அதே நாளில், மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. முந்நூறுக்கு மேற்பட்டோர் அதனோடு மாண்டனர். சீனன்குடாவிலே, யப்பானிய விமானம் ஒன்று எண்ணெய்க் குதத்தின் 91ஆம் இலக்கத் தாங்கிமேல் வீழ்ந்தது. தாங்கி தீப்பற்றிப் பல நாள் எரிந்தது. வெப்பத்தில் உருகி மடிந்த இரும்புத் தகடுகள் பற்றைக்காட்டினிடையே கிடப்பதை எத்தனையோ பேர் சென்று பார்த்திருக்கின்றனர். பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன அத்தாங்கிகளுள் இன்று நிற்பவை 99.

அந்த யப்பானிய விமானி வேண்டுமென்றே வந்து மோதினான் என்று ஊரிலே சொல்வார்கள். தற்கொலைப் படை என்று பின்னர் பெயர்பெற்ற முறையை யப்பானியர் ஒரு படைக்கொள்கையாகக் கைக்கொண்டது 1944 ஒக்டோபரிலேதான். ஆயினும் கதைக்கு அந்தக் கணக்கு வேண்டியதில்லை. கண்ணாற் கண்டவர் இருந்தனர். கையால் தொட்டுப் பார்க்க எரிந்த இரும்பு இருந்தது. அதனால் கதை நிலைத்தது. இரண்டு ஆண்டும் நான்கு மாதமும் கழித்து, அதே சீனன்குடாவில் 54 விமானங்கள் எழுந்த செய்திக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. ஏன் என்று ஆராய்வதற்குமுன், அந்த விமானம் எத்தகையது என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும்.

வேகமாய்ப் பிறந்த விமானம்

பி-29 என்பது அதன் பெயர். அமெரிக்கர் அதனைச் சுப்பர்போட்றெஸ் என்றனர். மாபெருங் கோட்டை என்று நாம் சொல்லலாம். ஓர் இறகின் நுனியிலிருந்து மறு இறகின் நுனிவரை 141 அடி. நான்கு எஞ்சின்கள், ஒவ்வொன்றும் 2,200 குதிரைச் சக்தி. பதினொரு பேர் ஏறிச் செல்வர். உயரத்திலே காற்று அருகும்போதும் அவர்கள் மூச்சுக் குழாயின்றி இருக்கத்தக்கதாக அறைகளில் காற்றழுத்தம் பேணப்பட்டது. அக்காலத்தில் வேறெந்தக் குண்டுவீச்சு விமானமும் அத்தனை தூரம் செல்ல வல்லதன்று.

அத்தகைய விமானத்தைச் சாவதானமாய்ச் செய்து, பல ஆண்டு பரீட்சித்து, பிறகு போருக்கு அனுப்புவதே முறை. யுத்தம் அதற்கு அவகாசம் தரவில்லை. முதல் மாதிரி 1942 செப்டெம்பர் 21ஆம் திகதி சியாட்டில் நகரிலே பறந்தது. அதனைச் செலுத்தியவர் போயிங் நிறுவனத்தின் தலைமைச் சோதனை விமானி எட்டி அலன். ஐந்து மாதத்துள், 1943 பெப்ரவரி 18ஆம் திகதி, இரண்டாவது மாதிரியை அவர் செலுத்திச் சென்றபோது எஞ்சினில் நெருப்புப் பிடித்தது. நெருப்பு இறகினுள்ளே பரவிற்று. ஓடுபாதையை எட்டுமுன்பே விமானம் ஓர் இறைச்சித் தொழிற்சாலைமேல் வீழ்ந்து நொறுங்கியது. விமானத்திலிருந்த பதினொருவரும் மாண்டனர். தொழிற்சாலைக்குள் வேலைசெய்துகொண்டிருந்த இருபது பேரளவில், தம் தலைக்குமேல் இப்படியொரு விமானம் பரீட்சிக்கப்படுகிறது என்பதையே அறியாதவர்கள், அவர்களோடு இறந்தனர். விமானம் இரகசியம், ஆகவே விபத்தையும் இரகசியமாக்கப் படையினர் முயன்றனர். பட்டப்பகலில் நகரத்தின் நடுவே எரிந்ததை எப்படி மறைப்பது?

கோளாறு எஞ்சினில் இருந்தது. அதன் உறுப்புகள் சிலவற்றை எடை குறைப்பதற்காக மக்னீசியக் கலவையாற் செய்திருந்தனர். மக்னீசியம் தீப்பற்றினால் இலேசில் அணையாது. விரைவையும் எண்ணிக்கையையும் கருதித் தரத்தைக் கைவிட்டனர் என்று, பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ட்ரூமன் அப்போது தலைமைதாங்கிய செனற் சபைக் குழு குற்றங் கண்டது. திருத்தங்கள் பல செய்யப்பட்டன. ஆனால் எஞ்சின் சூடேறும் நோய் முற்றாக மாறுமுன்னரே விமானங்கள் வங்காளத்துக்கு வந்துவிட்டன.

1944 ஜூன் 5ஆம் திகதி அவற்றின் முதற் போர்ப் பயணம். வங்காளத்திலிருந்து பாங்கொக் சென்ற 98 விமானங்களுள் ஐந்து அழிந்தன. எதிரியின் குண்டால் அழிந்தது ஒன்றுமில்லை. விபத்தும் எரிபொருட் குறையுமே அவற்றை வீழ்த்தின. இந்த விமானத்தின் முதல் எதிரி அதனுள்ளேயே இருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

வாஷிங்டன் வகுத்த வழி

இனித் திருகோணமலைக்கு வருவோம். யப்பானியர் யுத்தத்திற் குதித்ததற்கு ஒரு முக்கிய காரணம் எண்ணெய். சுமாத்திராவின் பலெம்பாங் நகருக்கு அருகே, மூசி ஆற்றங்கரையில் உள்ள பிளாஜூ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை அவர்கள் கைப்பட்டது. யப்பானின் விமான எரிபொருளில் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பங்கு அங்கிருந்தே போகிறது என்று நேச நாட்டார் மதிப்பிட்டனர். அந்த ஆலையை அடிக்க வேண்டும். எங்கிருந்து அடிப்பது? வங்காளத்துத் தளங்களிலிருந்து அது எட்டாத தூரம். பூகோளப் படத்தை விரித்துப் பார்த்தவர்களுக்கு இலங்கைத் தீவே இடைத்தங்கலாகத் தென்பட்டது.

பி-29 விமானங்கள் இந்தப் பிரதேசத்துத் தளபதிகளின் ஏவலுக்கு உட்பட்டவையல்ல. கண்டியிலே தலைமையகம் அமைத்திருந்த மவுண்ட்பேட்டன் பிரபுவும் அவற்றுக்கு ஆணையிட முடியாது. வாஷிங்டனில் இருந்த கூட்டுப் படைத்தலைவர்களே நேராக ஆணையிட்டனர். சீனன்குடாத் தளத்தை விரிவாக்கும் வேலை பிரித்தானியரிடம் விடப்பட்டது. ஓடுபாதை ஏழாயிரம் அடிக்குமேல் நீட்டப்பட்டது. 56 விமானங்கள் நிற்கத்தக்க தரிப்பிடங்களும் அவற்றுக்கு எண்ணெய் வழங்கும் குழாய்களும் அமைக்கப்பட்டன. இவ்வளவும் 1944 ஜூலைக்குள் முடிந்தாக வேண்டும்.

அந்த ஓகஸ்ட் மாதம் திருகோணமலைத் துறைமுகத்துக்கு நல்ல மாதமாக இருக்கவில்லை. விமானங்கள் எழுவதற்கு இரண்டு நாள் முன்பு, 8ஆம் திகதி, பழுதுபார்ப்பதற்கென மிதக்கும் துறையொன்றில் ஏற்றப்பட்டிருந்த வலியன்ட் என்னும் பெரும் போர்க்கப்பலின் பாரம் தாங்காது, அத்துறை முறிந்து துறைமுகத்திலேயே அமிழ்ந்தது. கப்பல் தப்பியது, ஆனால் கடுமையாகச் சேதமுற்றது. இதுவும் எதிரியின் செயலன்று. குண்டு எதுவும் விழாத இரண்டு நாட்களில், ஒரே துறையில், இரண்டு படையினர் தம் சொந்தக் கருவிகளோடு மல்லாடிக்கொண்டிருந்தனர் என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

ஒரு தொன் குண்டும் ஒரு கடல் எண்ணெயும்

அன்று புறப்பட்ட பயணத்தை ஒரு தாக்குதல் என்பதைவிடப் பரீட்சை என்பதே பொருந்தும். பரீட்சிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, தூரம். போய்வர ஏறத்தாழப் பத்தொன்பது மணி நேரம் பிடிக்கும். அத்தனை நேரமும் எரிய வேண்டிய பெற்றோலை ஏற்றிய பின்னர், ஒவ்வொரு விமானத்திலும் ஒரு தொன் அளவுக் குண்டுக்கே இடமிருந்தது. அறுபது தொன் பாரமுள்ள யானை ஒன்று, ஒரு கல்லை எறிந்துவிட்டு வருவதற்காக இரவு முழுவதும் நடந்ததைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, கண்ணிவெடி. எட்டு விமானங்கள் ஆலையை விட்டு, மூசி ஆற்றிலே தாழப் பறந்து கண்ணிவெடிகளை இட வேண்டும். பி-29 விமானத்தால் அது ஆகுமா என்பதை அதுவரை எவரும் போர்க்களத்திற் கண்டதில்லை.

மாலை ஐந்து மணிக்குச் சிறிது முன்பு முதல் விமானம் எழுந்தது. கொட்டியாரக்குடாவில் வலை வீசுவோரும், தம்பலகாமத்து வயல்களில் நின்றோரும், கிண்ணியா மூதூர்க் கரையிலிருந்தோரும் அந்த முழக்கத்தைக் கேளாதிருக்க முடியாது. இருநூற்றுக்கு மேற்பட்ட எஞ்சின்களின் ஓசை அது. எங்கே போகின்றன என்பதை அறிந்தவர் அவருள் எவருமிலர்.

54 விமானங்களுள் 39 பலெம்பாங் பிரதேசத்தை அடைந்தன. மற்றவை இடையே திரும்பின. அன்றேல் வேறு இலக்குத் தேடின. ஆலையை நோக்கிச் சென்ற 31 விமானங்களுக்கும் முகில் குறுக்கிட்டது. ஒளிவாணங்கள் வீசியும் நிலம் தெரியவில்லை. பலர் ரேடாரை நம்பியே குண்டுகளை விட்டனர். பின்னர் எடுத்த படங்களிலே, ஒரேயொரு கட்டடம் அழிந்தது மட்டுமே உறுதியாயிற்று. ஆற்றுக்குப் போன எட்டு விமானங்களோ தம் காரியத்தைச் செவ்வனே முடித்தன. அவை இட்ட கண்ணிகளில் அகப்பட்டு மூன்று கப்பல்கள் மூழ்கின. வேறு இரண்டு சேதமுற்றன. ஆற்றைத் துப்புரவாக்கும் வரை எண்ணெய்க் கப்பல்கள் முடங்கிக் கிடந்தன.

அதே இரவில், இதே இனத்து விமானங்கள் வேறு சில சீனாவிலிருந்து எழுந்து இன்னோர் ஊரின்மேற் குண்டு வீசின. அவ்வூரின் பெயர் நாகசாகி. அந்தப் பெயரை உலகம் மனனம் செய்வதற்கு இன்னும் ஓராண்டு இருந்தது.

தொண்ணூறு மைல்

திரும்பி வரும் விமானங்களுக்காக வழிநெடுகப் பிரித்தானியர் காவல் வைத்திருந்தனர். கடலில் விழுவோரை மீட்பதற்கெனப் போர்க்கப்பல்களும் நீர்மூழ்கிகளும் நிறுத்தப்பட்டன. அவற்றுள் ஒரு கப்பலின் பெயர் சிலோன் என்பது. இவ்வளவு ஏற்பாடும், இந்தப் பயணத்தில் எதிரியைவிடக் கடலையே அதிகம் அஞ்ச வேண்டியிருந்தது என்பதற்குச் சான்று.

ஒரு விமானம் சீனன்குடாவுக்கு 90 மைல் தூரத்தில் எரிபொருள் தீர்ந்து கடலில் இறங்கிற்று. 3,855 மைலில் 90 மைல்! நூற்றுக்கு இரண்டரைப் பங்குகூட இல்லை.

எரிபொருள் எப்படிக் குறைந்துபோகிறது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். அந்த எஞ்சினைச் சுற்றிக் காற்றோட்டத்துக்கான மடல்கள் உண்டு. மடல்களைத் திறந்துவைத்தால் எஞ்சின் குளிரும். ஆனால் அவை காற்றைத் தடுப்பதால் விமானம் தளரும், பெற்றோல் கூடுதலாய் எரியும். மூடிவைத்தால் பெற்றோல் மிஞ்சும். ஆனால் எஞ்சின் சூடேறும், சில வேளை எரியும். எட்டி அலனைக் கொன்ற அந்தச் சூட்டுக்கும், நடுக்கடலில் வற்றிப்போகும் தாங்கிக்கும் இடையே, விரற்கடை அகல வழியொன்றில் விமானி பத்தொன்பது மணி நேரம் நடக்க வேண்டும். எதிர்க்காற்றுச் சிறிது மிகுந்தால், வழி தேடிச் சில நிமிடம் சுற்றினால், கணக்குப் பிழைத்துவிடும்.

கடலைத் தொடுமுன் அவ்விமானத்தார் அபாய அறிவிப்பை அனுப்பிவிட்டனர். பாரமான விமானமொன்றைக் கடலில் இறக்குவதென்பது இறங்குதலன்று, மோதுதலேயாம். அந்த வேகத்தில் நீர் கல்லாகிவிடுகிறது. விமானத்திலிருந்த துப்பாக்கி வீரர் ஒருவர் மாண்டார். மற்றவர்கள் அலைமேல் மிதந்தபடி கிடந்தனர். தேடுதல் பெரிதாக நடந்தது. 12ஆம் திகதி காலையில் அவர்களைக் கண்டு மீட்டனர்.

அந்தத் துப்பாக்கி வீரர் அன்றிரவு எதிரியை எதிர்த்து நின்று மடியவில்லை. அவருடைய வேலை எதிரி விமானத்தைக் கண்டு சுடுவது. அந்த வேலை முடிந்து, பலெம்பாங் பின்னே மறைந்து, சூரியன் உதித்து, இலங்கைக் கரை இன்னும் அரை மணித் தூரத்தில் இருக்கும்போது அவர் இறந்தார். அவரைக் கொன்றது தூரம். அந்தத் தூரத்தைப் பரீட்சிக்கும் பொருட்டே அவர் அனுப்பப்பட்டிருந்தார்.

பரீட்சை தேறியதா?

தேறியது என்றே சொல்ல வேண்டும்; இங்கேதான் மனம் சங்கடப்படுகிறது. ஆலை அழியவில்லை. சீனன்குடாவிலிருந்து மறுபடி இவ்வாறு பறப்பது பயனற்றது என்று அமெரிக்கத் தளபதிகள் தீர்மானித்தனர். அத்திட்டம் சில வாரங்களிற் கைவிடப்பட்டது. பலெம்பாங் ஆலைகளைப் பின்னர் உண்மையாகச் சேதப்படுத்தியவர்கள், 1945 ஜனவரியில் இதே திருகோணமலையிலிருந்து புறப்பட்ட பிரித்தானியக் கப்பற்படையின் விமானிகள். அவ்வகையில் 1944 ஓகஸ்ட் பயணம் தோல்வியே.

ஆனால் கண்ணிவெடி இட்ட எட்டு விமானங்களும் ஒரு பாடத்தைக் கொண்டுவந்தன. பி-29 தாழப் பறந்து நீர்வழியை அடைக்க வல்லது என்பதே அது. 1945 மார்ச் மாதத்திலிருந்து அதே முறையை யப்பானின் துறைமுகங்களைச் சுற்றிப் பெருமளவிற் கையாண்டனர். அறுநூற்றுக்கு மேற்பட்ட கப்பல்கள் மூழ்கின, அன்றேல் சேதமுற்றன. பட்டினி என்பதே அந்த நடவடிக்கைக்கு இடப்பட்ட பெயர். அதே மாதம் அதே விமானங்கள் தோக்கியோவை எரித்தன. ஓரிரவில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் வெந்தனர். ஓகஸ்டில் நடந்ததை யாவரும் அறிவர். பரீட்சையில் மாள்பவன், தன் மரணம் எதற்கு உரமாகும் என்பதை அறிவதில்லை.

இங்கிலாந்திலும் இதையொத்த ஒன்று நடந்தது. 1942 ஜூன் 7ஆம் திகதி, வேல்ஸ் எல்லையருகே ஹலிபக்ஸ் விமானம் ஒன்று எரிந்து வீழ்ந்தது. முகிலூடும் இருளூடும் நிலத்தைக் காட்டும் புதிய ரேடாரைப் பரீட்சித்துவந்த விமானம் அது. அதிலிருந்த பதினொருவருள் அலன் புளூம்லின் என்பவரும் ஒருவர். ஒலியை இரு செவிக்கும் பிரித்துக் கேட்பிக்கும் முறையைக் கண்டவர். தொலைக்காட்சிக்கு அடிகோலியவர்களுள் ஒருவர். இறக்கும்போது வயது முப்பத்தெட்டு. எஞ்சினிலே ஒரு திருகாணி இறுக்கப்படாமல் விடப்பட்டதே காரணம் என்று ஆராய்ந்து கண்டனர். ரேடாரின் இரகசியத்தைக் காக்கும் பொருட்டு, அத்தகைய மேதையின் மரணமும் நெடுநாள் வெளியிடப்படவில்லை. இரண்டாண்டு கழித்துப் பலெம்பாங் முகிலுக்குமேல் பி-29 விமானிகள் நம்பிய ரேடார், அந்தக் கருவியின் வழித்தோன்றலே. இங்கிலாந்தில் மறைக்கப்பட்ட ஒரு மரணத்துக்கும், திருகோணமலைக் கடலில் மறைந்த ஒரு மரணத்துக்கும் இடையே அப்படியொரு தொடர்பு உண்டு.

போரில் இறந்தோர் தொகையை எடுத்துரைப்பவர்கள், எதிரியால் இறந்தோரையும் விபத்தால் இறந்தோரையும் பிரித்துச் சொல்வதில்லை. பிரித்தானியக் குண்டுவீச்சுப் படையில் மாண்ட 55,573 பேருள் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் பயிற்சியிலும் விபத்திலும் இறந்தவர்கள். அமெரிக்க நாட்டின் எல்லைக்குள்ளேயே, எதிரியின் நிழல்கூடப் படாத வானத்தில், ஏறத்தாழப் பதினையாயிரம் அமெரிக்க விமானப்படையினர் விபத்துக்குப் பலியாயினர். வீரகாவியங்களிலே இவர்களுக்கு இடமில்லை. மார்பில் அம்பேந்தி மடிந்தவனைப் பாடிய நம் புலவர் மரபிலும், வில் முறிந்து மடிந்தவனுக்குத் துறை வகுத்தார் இல்லை.

கல்லும் கடலும்

நிலாவெளி வீதியில் யுத்த மயானம் ஒன்று உண்டு. நன்கு பேணப்பட்ட இடம். ஒருமுறை மாணவர் சிலரை அங்கே அழைத்துச் சென்றேன். ஒவ்வொரு கல்லிலும் படைப்பிரிவின் சின்னம், பெயர், நாள், வயது. வயதுகளை வாசித்துக்கொண்டு வந்த மாணவி ஒருத்தி, "இவர்கள் எல்லாரும் சண்டையிலா சேர் செத்தவை?" என்று கேட்டாள். கல்லில் அது எழுதப்படவில்லை என்றேன். மரணத்தின் காரணத்தைப் பொறிப்பது அங்கே வழக்கமன்று. சண்டையில் இறந்தவருக்கும், காய்ச்சலில் இறந்தவருக்கும், ஓடுபாதையில் சறுக்கி வீழ்ந்தவருக்கும் ஒரே அளவுக் கல். அந்த ஒப்புரவு எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அந்தப் பிள்ளையின் கேள்விக்கு விடை தேடுவது யார் பொறுப்பு என்ற எண்ணம் மட்டும் நெடுநேரம் விடவில்லை.

91ஆம் தாங்கியை ஊர் நினைவில் வைத்திருக்க, 54 விமானங்களை ஏன் மறந்தது? காரணம் தெளிவு. அன்று தளத்தின் செய்தி வெளியே வரலாகாது என்பது ஆணை, பத்திரிகைகளுக்குத் தணிக்கை, விழுந்த விமானமோ கடலுக்கடியில். பார்ப்பதற்கு இரும்புமில்லை, கேட்பதற்குச் செய்தியுமில்லை. இரகசியம் என்பது எதிரியிடமிருந்து மறைப்பதற்காக ஏற்பட்டது. எதிரி சரணடைந்து, ஆவணங்கள் திறக்கப்பட்டு, அமெரிக்க விமானப்படையே தன் சரித்திரத்தில் இதனை அச்சேற்றிய பின்னரும், அந்த நிகழ்ச்சி நடந்த மண்ணுக்கு மாத்திரம் அது இரகசியமாகவே இருந்துவிட்டது. 1957இல் பிரித்தானியர் தளங்களை ஒப்படைத்துப் போயினர். சீனன்குடாவில் இன்று இலங்கை விமானப்படையின் கல்விக்கழகம் இயங்குகிறது. பின்வந்த உள்நாட்டு யுத்தம் ஊர்களைக் கலைத்தது. கதை சொல்லக்கூடிய முதியோரும் கேட்கக்கூடிய பேரரும் வெவ்வேறு தேசங்களிற் சிதறினர்.

1944இல் பத்து வயதாயிருந்த சிறுவன் இன்று தொண்ணூறைக் கடந்தவன். அத்தகையோர் கப்பல்துறையிலும் பாலையூற்றிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் இன்னும் சிலர் இருப்பர். கனடாவிலும் இலண்டனிலும் சிலர் இருப்பர். அவர்களுக்கு வாஷிங்டனின் திட்டம் தெரிந்திராது. ஆனால் பூகோளப் படத்தை விரித்தவர்கள் அறியாத பல செய்திகள் அவர்களுக்குத் தெரியும். ஓடுபாதையை நீட்டியபோது எந்த வயல் போனது? கூலிக்குப் போனவர் யார்? என்ன கூலி? அந்த மாலை முழக்கம் கேட்டபோது மாடுகள் எப்படி ஓடின? மறுநாள் கடலுக்குப் போக வேண்டாமென்று மீன்பிடிகாரரை எவரேனும் மறித்தனரா? இவை எந்த ஆவணசாலையிலும் இல்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். சரித்திர பாடத்தில் மாணவருக்கு ஒப்படை கொடுக்கும்போது, இணையத்திலிருந்து பிரதிசெய்யக்கூடிய தலைப்புகளை விடுத்து, தம் வீட்டு முதியோரிடம் கேட்டறியக்கூடிய ஒரு தலைப்பைக் கொடுங்கள். கேட்டதைக் கேட்டபடியே, பேச்சுமொழியிலேயே எழுதிவரச் சொல்லுங்கள். சொன்னவர் பெயரும் வயதும் ஊரும் நாளும் குறிக்கப்பட வேண்டும். கைத்தொலைபேசியில் குரலையும் பதிந்துவைக்கலாம். சேர்ந்தவற்றைப் பாடசாலை நூலகத்தில் ஒரு கட்டாகப் பேணினாலே போதும். ஆராய்ச்சி செய்வோர் பிறகு வருவர். அகப்படுவது பெரும்பாலும் பிழையான திகதியும் மிகைப்படுத்திய எண்ணிக்கையுமாக இருக்கும். திகதியை நாம் ஆவணத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். குரலைச் சரிபார்க்க வேறு வழி கிடையாது.

அந்தத் துப்பாக்கி வீரருக்கு இந்த மண் அந்நிய மண். அவர் இங்கே தங்கிய காலம் மிகச் சொற்பம். கோணேசர் மலையை வானிலிருந்து ஒருமுறை பார்த்திருக்கலாம். நம் பகையும் அல்லர், உறவும் அல்லர். ஆயினும் கடைசியாக அவர் கால் பதித்த தரை சீனன்குடா. அவர் திரும்பி வர முயன்ற கரை திருகோணமலை. கரையை நோக்கி வந்தவன் தொண்ணூறு மைலில் மாண்டான் என்ற செய்தியையாவது அந்தக் கரையிலே படிக்கும் பிள்ளைகள் அறிந்திருப்பது முறை.